"யாருக்காவது ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்பவர்களுக்கு

கூட்டங்களுக்குத் தலைமை தாங்கும் பெரியவர்களுக்கு, வணக்கம்.

கூட்டம் முடியும் நேரத்தில் இந்தக் கேள்வியைக் கேட்பீர்கள். கேட்கும்போதே பேனாவை மூடிவிட்டு, நாற்காலியையும் பின்னால் தள்ளியிருப்பீர்கள். அதற்குப் பின் வரும் மூன்று நொடி மௌனத்தைப் பற்றித்தான் இந்த மடல்.

அப்படியொரு கூட்டத்தில் நானும் இருந்தேன். திரையில் காட்டிய கணக்கில் ஒரு செலவு இரண்டு முறை கூட்டப்பட்டிருந்தது. பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் தலைவர் காலையிலிருந்தே சிடுசிடுவென்று இருந்தார். சரி, வேறு யாராவது சொல்லட்டும் என்று பேசாமல் இருந்துவிட்டேன். வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகாத ஒரு பெண்தான் கையைத் தூக்கினார். "தப்பா இருந்தா மன்னிச்சுக்கங்க" என்று தொடங்கும்போதே குரல் நடுங்கியது. "முதல்ல வேலையைக் கத்துக்கம்மா, அப்புறம் கணக்குப் பார்க்கலாம்" என்றார் தலைவர். அறையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

தைரியம் என்றதும் தீக்குள் பாய்ந்து குழந்தையைத் தூக்கி வருபவர்தான் நம் நினைவுக்கு வருகிறார். அவருக்கு யோசிக்க நேரமில்லை. கூட்டத்தில் உட்கார்ந்திருப்பவருக்கோ நேரம் நிறையவே இருக்கிறது. வீட்டுக் கடன், பதவி உயர்வு, பிள்ளைகளின் படிப்பு எல்லாம் வரிசையாகக் கண்முன் வந்து போகும். அத்தனையையும் பார்த்த பிறகும் கையைத் தூக்குவது எனக்கென்னவோ தீயில் பாய்வதைவிடக் கடினமாகத்தான் படுகிறது. செய்து பார்க்காதவன் சொல்கிறேன்.

1977 மார்ச் 27 அன்று ஸ்பெயின் நாட்டின் டெனெரீஃப் தீவில் விமான ஓடுபாதையில், மூடுபனிக்குள், இரண்டு போயிங் 747 விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். அனுமதி கிடைக்காமலே ஓடத் தொடங்கிய விமானத்தில், விமானிகளோடு உட்கார்ந்திருந்த பொறியாளருக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. இன்னொரு விமானம் பாதையை விட்டு விலகவில்லையோ என்று கேட்டும் இருக்கிறார். நிறுவனத்தில் பெரிய பெயர் பெற்ற அனுபவசாலி கேப்டன், விலகிவிட்டது என்று அடித்துச் சொல்லிவிட்டார். அதற்கு மேல் யாரும் வற்புறுத்தவில்லை. இதுபோன்ற விபத்துகளுக்குப் பிறகு விமானிகளின் பயிற்சியே மாறியது. சந்தேகத்தை உரக்கச் சொல்லக் கீழே இருப்பவருக்கும், அதைக் காதில் வாங்கிக்கொள்ளக் கேப்டனுக்கும் கற்றுக்கொடுக்கத் தொடங்கினார்கள். இரண்டாவது பாடம்தான் உங்களுக்கானது.

1950களில் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர், ஒரு கோட்டைக் காட்டி, மூன்று கோடுகளில் அதற்குச் சமமானது எது என்று கேட்டார். குழந்தைகூடச் சொல்லிவிடும். ஆனால் உடன் இருந்தவர்கள் எல்லோரும், முன்பே பேசி வைத்தபடி, தவறான விடையையே சொன்னார்கள். சோதிக்கப்பட்டவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு முறை கண்ணால் பார்த்ததை விட்டுவிட்டுக் கூட்டத்தோடு போனார்கள். ஒரே ஒருவர் சரியான விடையைச் சொன்னாலும் போதும், அந்த எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. அன்று அந்த ஒருவராக நான் இருந்திருக்கலாம்.

எனவே உங்களிடம் சில சின்ன வேண்டுகோள்கள். உங்கள் கருத்தைக் கடைசியில் சொல்லுங்கள்; முதலிலேயே சொல்லிவிட்டால் மற்றவர்களுக்குத் தலையாட்டுவதைத் தவிர வேறு வேலையில்லை. "இதில் எங்கே தப்பு நடக்கலாம்?" என்று கேட்டுவிட்டு, மனத்துக்குள் பத்து வரை எண்ணுங்கள். யாராவது தவறாகவே சொன்னாலும் சிரிப்பை அனுமதிக்காதீர்கள். அந்தச் சிரிப்பைக் கேட்டுத்தான் மற்றவர்கள் தங்கள் வாயை மூடிக்கொள்கிறார்கள்.

அந்தக் கணக்குத் தவறு பிறகு வெளியே வந்தது, சத்தமில்லாமல் திருத்தப்பட்டது. அந்தப் பெண் அதற்குப் பின் எந்தக் கூட்டத்திலும் வாய் திறக்கவில்லை. வேறு வேலை கிடைத்துக் கிளம்பிய நாளில், "நீங்கள் சொன்னது சரி, நானும் அப்போதே பார்த்தேன்" என்று சொல்லிவிட நினைத்தேன். வாழ்த்து அட்டையில் கையெழுத்துப் போட்டதோடு சரி.

இப்படிக்கு,
அன்று சிரித்தவர்களில் ஒருவன்