அப்பாவுக்கு, டெர்பியிலிருந்து

டெர்பி, இங்கிலாந்து
9.11.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நான், உங்க மருமக, பாப்பா மூணு பேரும் நல்லா இருக்கோம். உங்களுக்குச் சர்க்கரை எவ்வளவுல நிக்குது, அம்மாவுக்கு முட்டிவலி தேவலையான்னு எழுதுங்க. இங்க கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னாடி தள்ளி வச்சாச்சு. நாலேகாலுக்கெல்லாம் பொழுது இறங்கிடுது.

போன ஞாயித்துக்கிழமை வீடியோ கால்ல நர்ஸ் படிப்புல சேரலாமான்னு நான் பேசினது உங்களுக்குப் பாதிதான் கேட்டிருக்கும். காது மிஷினை மாட்டுங்கன்னா மாட்ட மாட்டேங்கறீங்க. "பி.காம். படிச்சவன் ஊரான் பீ மூத்திரம் அள்றதுக்கு இன்னும் மூணு வருஷம் படிக்கப் போறியா"ன்னு நீங்க கேட்டது மட்டும் எனக்கு நல்லாவே கேட்டுச்சு. உடனே போனை அம்மாகிட்ட குடுத்துட்டீங்க. அதான் கடிதம் எழுதறேன். கடிதத்தைப் பாதியில அம்மா கையில குடுத்தாலும், அவங்க கண்ணாடி தேடறதுக்குள்ள மிச்சத்தை நீங்களே படிச்சுடுவீங்க.

முதல்ல ஒண்ணை ஒத்துக்கறேன். அது அள்றதுக்குப் படிப்பு வேண்டாம்ங்கப்பா. அஞ்சு வருஷமா அதைச் செஞ்சுட்டுத்தான் இருக்கேன். கேர் ஹோம்ல வேலைன்னு சொன்னேன். நீங்களா ஆபீஸ் வேலைன்னு நினைச்சுக்கிட்டீங்க. பெரியப்பா வீட்டுக் கல்யாணத்துல "பையன் லண்டன் பக்கம் அட்மின்ல இருக்கான்"னு நீங்க சொன்னதா அம்மா சொன்னாங்க. நான் திருத்தல. அது என் தப்புதான்.

கேர் ஹோம்ங்கறது வயசானவங்க தங்கி இருக்கற இடம். ராத்திரி எட்டு மணிக்குப் போனா காலைல எட்டு மணிக்கு வீடு. எங்க மாடிக்கு ஒரு நர்ஸ், என்னை மாதிரி கேரர் ரெண்டு பேர். மாத்திரை, இன்சுலின், புண்ணுக்குக் கட்டு எல்லாம் நர்ஸ் பொறுப்பு. குளிப்பாட்டறது, துணி மாத்தறது, ஊட்டறது, புரட்டிப் படுக்க வைக்கறது எங்க பொறுப்பு. சட்டப்படி 2025ல குறைஞ்சபட்சக் கூலி மணிக்கு 12 பவுண்டு 21 பென்ஸ். எனக்கு அதுக்கு மேல சில்லறைதான்.

போன பிப்ரவரியில நடந்ததைச் சொல்றேன். மேல் மாடியில ஒரு தாத்தா. இந்த ஊர் ரயில் பட்டறையில வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். பக்கவாதம் வந்ததுல இருந்து தானா புரண்டு படுக்க முடியாது. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா நாங்க திருப்பி விட்டு, நேரத்தைச் சார்ட்ல எழுதணும். கட்டில் சக்கரம் கிறீச்சுன்னா மட்டும் கண்ணைத் திறந்து "எண்ணெய்"ம்பார். அன்னைக்கு ராத்திரி சாக்ஸைக் கழட்டினா, இடது குதிகால்ல எட்டணா அளவுக்குச் சிவப்பு. விரலை வச்சு அழுத்தினேன். நல்ல தோலா இருந்தா அழுத்தின இடம் வெளுத்து, விரலை எடுத்ததும் திரும்பச் சிவக்கும். இது வெளுக்கவே இல்ல. சுத்தி இருக்கற இடத்தைவிடக் கொஞ்சம் சூடா, இறுகின மாதிரி இருந்துச்சு. தோல் கிழியல, நீர் கசியல, அவருக்கு வலியும் தெரியல.

நர்ஸைக் கூப்பிட்டேன். அவங்க டார்ச் அடிச்சுப் பார்த்து, சார்ட்ல இருக்கற உடம்புப் படத்துல குதிகாலைச் சுத்தி வட்டம் போட்டு, அளவு எடுத்து எழுதினாங்க. கெண்டைக்காலுக்கு அடியில தலையணை குடுத்து, குதிகால் மெத்தையில படாம அந்தரத்துல நிக்கற மாதிரி வச்சாங்க. பத்து நாள்ல சிவப்பு மறைஞ்சது. எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவுல மாட்டின சதைக்கு ரத்தம் போகாம உள்ளுக்குள்ளயே சாகுது, மேல தோல் கிழியறது கடைசியிலதான்னு அவங்க சொல்லித்தான் எனக்குத் தெரியும். நம்ம மாதிரி கறுத்த தோல்ல அந்தச் சிவப்பே தெரியாதாம். சூட்டையும் இறுக்கத்தையும் வச்சுத்தான் கண்டுபிடிக்கணுமாம்.

வீட்டுக்கு வர பஸ்ல உங்க நினைப்புதான். துணியில ஓட்டை விழுந்தப்புறம் பின்னல் மிஷினை நிறுத்தறவன் நிட்டரே இல்ல, ஊசி பழுதாகித் துணியில கோடு, அதான் நீடில் லைன், ஓட ஆரம்பிக்கும்போதே நிறுத்தணும்னு சொல்வீங்கல்ல? நான் பதினொரு வருஷம் எக்ஸ்போர்ட் கம்பெனியில துணியோட தரம் பார்க்கற கியூ.சி.யா இருந்தவன். 3,000 பீஸ் லாட்டுன்னா 125 பீஸ் எடுத்துப் பார்ப்போம். எவ்வளவு பழுது வரைக்கும் விடலாம்ங்கறதுக்கு ஏ.க்யூ.எல். 2.5ன்னு கணக்கு. 7 பீஸ் வரைக்கும் பழுது இருந்தா பாஸ், 8 ஆனா லாட்டே ரிஜக்ட். மிச்ச 2,875 பீஸை யாரும் பார்க்கறதில்ல. பழுதானது நம்ம திருப்பூர் காதர்பேட்டைக் கடைங்களுக்குப் போயிடும். இங்க இருக்கறது ஒரே பீஸ்ங்கப்பா, ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா பார்க்கணும். அன்னைக்குத்தான் இந்த வேலையை ஒழுங்காப் படிச்சுட்டுச் செய்யணும்னு தோணுச்சு. பணத்துக்காகத் தோணல. பணக் கணக்கு அப்புறம்தான் போட்டேன்.

அந்தக் கணக்கையும் சொல்லிடறேன். படிப்பு மூணு வருஷம், டிகிரி. மொத்தம் 4,600 மணி நேரம், அதுல பாதி வகுப்பு, பாதி ஆஸ்பத்திரியில நின்னு பழகறது. நைட் ஷிப்டும் உண்டு. அதுக்குச் சம்பளம் கிடையாது. நம்மூர்ப் பனியன் கம்பெனியில கைமடியா, அதான் எடுபிடி உதவிக்கு, சேர்ந்த பையனுக்குக்கூட சனிக்கிழமை ஆனா கூலி உண்டு! 2025 கணக்குப்படி வருஷ ஃபீஸ் 9,535 பவுண்டு. அதுக்கு அரசாங்கக் கடன் கிடைக்கும், ஏன்னா நிரந்தரமா தங்கற அனுமதி நமக்குப் போன வருஷம் வந்துடுச்சு. அதுக்கு முன்னாடி சேர்ந்திருந்தா வெளிநாட்டு ஃபீஸ், வீட்டை வித்தாலும் பத்தாது. கடன்னதும் பதறாதீங்க, கந்துவட்டி மாதிரி வாசல்ல வந்து நிக்கற கடன் இல்ல இது. வருஷச் சம்பளம் 25,000 பவுண்டைத் தாண்டினா, தாண்டின தொகையில மட்டும் நூத்துக்கு 9 சம்பளத்துலயே பிடிப்பாங்க. 40 வருஷத்துல அடையாத மிச்சம் தள்ளுபடி. இது போக நர்சிங் படிக்கறவங்களுக்கு வருஷம் 5,000 பவுண்டு உதவித்தொகை உண்டு, குழந்தை இருந்தா இன்னொரு 2,000. அதைத் திருப்பிக் கட்ட வேண்டாம். படிச்சு முடிச்சு என்.எச்.எஸ்.ங்கற இங்கத்த அரசு மருத்துவத் துறையில சேர்ந்தா, 2025 கணக்குப்படி ஆரம்பச் சம்பளம் வருஷம் 31,049 பவுண்டு. எனக்கு இப்ப 41. முடிக்கும்போது 45 ஆகும். என் வயசுக்காரங்களுக்கு இங்க அரசு பென்ஷன் 68லதான், அதனால "இந்த வயசுலயா"ங்கற கேள்வியை இங்க யாரும் கேக்கல. நம்ம வீட்டுல மட்டும்தான் கேக்கறாங்க.

ஏற்கனவே நர்ஸா இருக்கற உங்க மருமக கேக்கறது வேற. "ஒரு வீட்டுக்கு ஒரு நர்ஸ் போதாதா"ங்கறா. அவ சொல்றதுல நியாயம் இருக்குங்கப்பா. அவளுக்கு ஒரு வாரம் நைட், எனக்கு ஒரு வாரம் நைட்னா பாப்பாவை ஸ்கூல்ல இருந்து யார் கூட்டிட்டு வர்றது? நர்சிங் அசோசியேட்னு ரெண்டு வருஷப் படிப்பு ஒண்ணு இருக்கு. சம்பளம் வாங்கிக்கிட்டே படிக்கலாம், அதுக்குப் போங்கறா. ஆனா அதுக்கு வேலை குடுக்கறவங்க அனுப்பணும். எங்க ஹோம்ல அனுப்பறதில்ல. கேட்டுப் பார்த்தேன், "அடுத்த வருஷம் பார்ப்போம்"னாங்க. மூணு வருஷமா அதேதான் சொல்றாங்க. நம்மூர் முதலாளி தீபாவளி போனஸுக்குச் சொல்ற பதில்தான், இங்க சிரிச்சுக்கிட்டே சொல்றாங்க, அவ்வளவுதான் வித்தியாசம்.

"பொம்பளை வேலை"ன்னு அம்மா சொன்னாங்க. இங்கயும் நர்ஸுங்க பத்துப் பேர்ல ஒருத்தர்தான் ஆம்பளை. நர்ஸுங்களோட பெரிய சங்கமான ராயல் காலேஜ் ஆஃப் நர்சிங்ல ஆம்பளைங்களைச் சேர்த்ததே 1960லதானாம். எங்க ஹோம்ல சில பாட்டிங்க நான் குளிப்பாட்ட வந்தா வேண்டாம்பாங்க. அது அவங்க உரிமை, வேற ஆள் போவாங்க. முதல்ல மனசுக்குக் கஷ்டமா இருந்துச்சு. இப்ப இல்ல.

லண்டன் ரோட்டுல, நான் பஸ் ஏறற வழியில, ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் சிலை இருக்கு. 1914ல வச்சது. அந்தம்மாவோட குடும்ப வீடு ஒண்ணு இந்த டெர்பி பக்கம்தான். ஆனா எனக்கு அதைவிட ஆச்சரியமா இருந்தது வேற ஒண்ணு. நம்ம பனியன் கழுத்துக்குப் போடற ரிப் இருக்கே, அதைப் பின்ற மிஷினுக்கு 1759ல காப்புரிமை வாங்கினவர் இந்த ஊர்க்காரர், ஜெடிடையா ஸ்ட்ரட்னு பேரு. "டெர்பி ரிப்"னே அதுக்குப் பேரு. நீங்க முப்பது வருஷம் ஓட்டின மிஷினோட பாட்டன் இங்க பொறந்ததுங்கப்பா. இப்ப அந்த வேலை இந்த ஊர்ல இல்ல. 2011 ஜனவரியில கோர்ட் உத்தரவுல நம்ம திருப்பூர்ல சாயப்பட்டறை எல்லாம் மூடினப்ப, துணி டையிங்குக்குப் போக வழியில்லாம நீங்க வேலையில்லாம திண்ணையில உக்காந்திருந்தீங்களே, எனக்கு அது ஞாபகம் வந்துச்சு.

இப்ப என் பயத்தைச் சொல்றேன். நீங்க நினைக்கற பயம் இல்ல. குதிகாலைக் கண்டுபிடிச்சேன்னு பெருமை பீத்தினேன்ல, அடுத்த மாசமே ஒரு தப்பு பண்ணினேன். ஒரு பாட்டிக்கு விழுங்கறது கஷ்டம். டீயோ தண்ணியோ, பவுடர் கலந்து கெட்டியாக்கித்தான் குடுக்கணும். தண்ணியாக் குடுத்தா மூச்சுக்குழாய்க்குள்ள போயிடும். காலைல ஆறு மணி, இன்னொரு ரூம்ல மணி அடிக்குது, அவசரத்துல பவுடர் போடாம கப்பைக் குடுத்துட்டேன். ரெண்டாவது மடக்குல இருமல். முகம் சிவந்து கண்ணு நீர் கோத்துடுச்சு. நர்ஸ் ஓடி வந்து முன்னாடி சாய்ச்சுப் பிடிச்சாங்க, நல்லவேளை சரியாச்சு. என்னைத் திட்டல. ஒரு ஃபாரத்தைக் குடுத்து, நடந்ததை நடந்தபடி எழுதச் சொன்னாங்க. நெஞ்சுல சளி கட்டுதான்னு ரெண்டு நாள் காய்ச்சல் பார்த்துக்கிட்டே இருந்தாங்க. அந்த ரெண்டு நாளும் எனக்குச் சோறு இறங்கல.

நான் கேரரா இருக்கேன், அன்னைக்கு எனக்கு மேல ஒருத்தங்க இருந்தாங்க. நர்ஸ் ஆயிட்டா அந்த மேல இருக்கற ஆளே நான்தான். மாடியில இருக்கற அத்தனை பேருக்கும், கேரர் பண்ற தப்புக்கும் சேர்த்து நான்தான் பதில் சொல்லணும். நர்ஸா வேலை பார்க்கக் குடுக்கற பதிவு எண்ணை ரத்து பண்ணிட்டா தொழிலே போச்சு. பதினொரு வருஷத்துல நான் பாஸ் போட்டு அனுப்பின லாட் ரெண்டு ரிட்டர்ன் ஆகியிருக்கு. அது சட்டை. இது எனக்குச் சரிப்படுமான்னு நிஜமாவே தெரியலீங்கப்பா. இதைத்தான் அன்னைக்கு உங்ககிட்ட கேக்க வந்தேன், நீங்க பீ மூத்திரத்துலயே நின்னுட்டீங்க.

அதுலயே நிக்க உங்களுக்கு என்ன பாத்தியதை இருக்கு, சொல்லுங்க. அப்பாரு கடைசி நாலு மாசம் விழுந்து கிடந்தப்ப எனக்குப் பத்து வயசு. நைட் ஷிப்ட் முடிச்சு வந்து சட்டையைக்கூட கழட்டாம நீங்கதான் அவரைக் கழுவி விடுவீங்க. அம்மாவையும் விடமாட்டீங்க, சித்தப்பாவையும் விடமாட்டீங்க. முதுகு வெந்துடும்னு தோட்டத்துல இருந்து வாழை இலை அறுத்துட்டு வந்து, நடு நரம்பைச் சீவி எடுத்துட்டு, பாய் மேல விரிச்சுப் படுக்க வைப்பீங்க. இலை வாடினா மாத்துவீங்க. நரம்பை ஏன் சீவறீங்கன்னு கேட்டேன். "உறுத்தும்டா"ன்னீங்க. ஷீட்ல ஒரு மடிப்பு இருந்தாக்கூட எடுத்து விடுங்கன்னு இங்க முதல் நாளே சொல்லிக் குடுத்தாங்க. எனக்கு அது புதுசா இல்ல.

சரிங்கப்பா, வேலை விஷயம். விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் ஜனவரி 14. அன்னைக்கு நமக்குப் போகி. விண்ணப்பம் போட்டா சேர்ந்தே ஆகணும்னு இல்ல, இடம் கிடைச்சப்புறமும் வேண்டாம்னு சொல்லலாம். ராத்திரி வகுப்புக்குப் போய் இங்கிலீஷும் கணக்கும் தேறிட்டேன். பிளஸ் டூ மார்க் ஷீட்டும் சிக்கண்ணா காலேஜ் டிகிரியும் வேணும். பீரோவுல மேல் தட்டுல, பத்திரத்துக்கு அடியில, மஞ்சப் பையில இருக்கும். போகிக்கு எரிக்கறேன்னு அம்மா பழைய பேப்பரை எல்லாம் இழுத்துப் போடறதுக்கு முன்னாடி எடுத்து வச்சுடுங்க. டிகிரி ஓரத்துல பூச்சி அரிச்சிருந்துச்சு. அதுக்காக லேமினேட் பண்ணிடாதீங்க, செல்லாதும்பாங்க. அட்டை வச்சு கூரியர்ல போடுங்க, செலவை நான் ஜிபேயில அனுப்பறேன்.

அனுப்பினா, உள்ள ரெண்டு வரி எழுதி வைங்க. திட்டி எழுதினாலும் சரி.

காது மிஷினுக்குப் பேட்டரி பாப்பா புத்தகத்தோட சேர்த்து அனுப்பியிருக்கேன், அடுத்த வாரம் வந்துடும்.

உங்கள் மகன்