எதிர்வீட்டு அங்கிளைப் பற்றி

அட்லாண்டா

அன்பு மகனுக்கு,

எதிர்வீட்டு அங்கிளின் அடக்கம் சனிக்கிழமை நல்லபடியாக நடந்தது. விடுப்புக் கிடைக்காததை நினைத்து நீ வருந்த வேண்டாம். நீ அனுப்பிய பூக்களை அவர் மனைவி முன்வரிசையிலேயே வைக்கச் சொன்னார். முதல் நாள் மாலை, கறுப்புக் கோட்டும் பொன்னிறக் கழுத்துப்பட்டையும் அணிந்து அறுபது எழுபது ஆண்கள் வந்து, பெட்டியைச் சுற்றிக் கைகோத்து நின்று, ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா என்ற தங்கள் கறுப்பின மாணவர் சங்கத்தின் பாடலை மெல்லிய குரலில் பாடினார்கள். எண்பதைக் கடந்தவரும் இருந்தார், மீசை சரியாக அரும்பாத கல்லூரிப் பையனும் இருந்தான். அவர்கள் யாரும் 'இறந்துவிட்டார்' என்று சொல்வதில்லை, 'ஒமேகா சாப்டருக்குப் போய்விட்டார்' என்கிறார்கள். கிளைகளுக்குக் கிரேக்க எழுத்துகளைப் பெயராக வைக்கும் அச்சங்கத்தில், கடைசி எழுத்தான ஒமேகாவை மட்டும் உயிரோடிருப்பவர்களுக்குக் கொடுக்காமல் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள்.

நான் இங்கு வேலைக்கு வந்த புதிதில், ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா என்று எழுதிய சட்டையோடு அவர் புல் வெட்டுவதைப் பார்த்து, இந்த வயதிலும் கல்லூரி விளையாட்டை விடாதவர் போலிருக்கிறது என்று உன் அம்மாவிடம் சிரித்தவன் நான். மாணவர் சங்கம் என்றால் படிப்பு முடிந்ததும் மறந்துவிடுகிற ஒன்று என்றுதான் அன்று எனக்குத் தெரியும். பத்தொன்பது வயதில் சேர்ந்தவர் அறுபது ஆண்டுகள் சந்தா கட்டி, கிளையின் செயலாளராக, பொருளாளராக, தலைவராக, பிறகு மறுபடியும் செயலாளராக இருப்பார் என்பது என் கணக்கில் இல்லை. தலைவராக இருந்தவர் எப்படி மீண்டும் செயலாளர் ஆனீர்கள் என்று கேட்டதற்கு, கூட்டக் குறிப்பை ஒழுங்காக எழுத வேறு ஆள் கிடைக்கவில்லை என்றார்.

அந்தச் சங்கம் தோன்றிய கதையை அவர் வீட்டுத் திண்ணையில்தான் கேட்டேன். 1906 டிசம்பர் 4 அன்று, நியூயார்க் மாநிலத்தின் இத்தாக்கா ஊரில், கார்னெல் பல்கலைக்கழகத்தில் படித்த ஏழு கறுப்பின மாணவர்கள் அதைத் தொடங்கினார்கள். அதற்குச் சற்று முன்பு அங்கே படித்துக்கொண்டிருந்த ஆறு கறுப்பின மாணவர்கள் விடுமுறைக்குப் பின் திரும்பி வரவே இல்லை. வெள்ளை மாணவர்களின் சங்க இல்லங்களில் எடுபிடி வேலை கிடைக்குமே தவிர உறுப்பினராக இடம் கிடைக்காத காலம் அது. தனித்தனியாக இருந்தால் தாங்களும் ஊர் திரும்ப வேண்டியிருக்கும் என்று உணர்ந்து, சேர்ந்து படிப்பதற்காகக் கூடிய கூட்டம்தான் பிறகு சங்கமாயிற்று. அந்த எழுவரில் ஒருவரான ஹென்றி ஆர்தர் கேலிஸ் மருத்துவராகி 1974 வரை வாழ்ந்தார். இன்னொருவரான யூஜின் கிங்கிள் ஜோன்ஸ், நகரங்களில் வாழும் கறுப்பின மக்களின் முன்னேற்றத்துக்காக உழைக்கும் தேசிய நகர்ப்புற லீகைப் பல ஆண்டுகள் நடத்தினார். மார்ட்டின் லூதர் கிங் 1952இல், பாஸ்டனில் ஆய்வு மாணவராக இருந்தபோது, இதில் சேர்ந்தார்.

கிங்குக்கு வாஷிங்டனில் நினைவுச் சின்னம் எழுப்பும் திட்டத்தை இச்சங்கம் 1984இல் முன்வைத்தது, நாடாளுமன்றம் அனுமதி அளிக்க 1996 ஆயிற்று, திறந்தது 2011இல். இந்த இருபத்தேழு ஆண்டுகளிலும் இத்தெருவில் நன்கொடைக் காசோலை வாங்கியவர் இவர்தான், நம் வீட்டிலும் மூன்று முறை வாங்கியிருக்கிறார். ஆகஸ்டு விழாவுக்கு விமானச் சீட்டு எடுத்துக் காத்திருந்தவருக்கு, ஐரீன் சூறாவளியால் விழா அக்டோபர் 16க்குத் தள்ளிப்போனபோது உன் அம்மாதான் சீட்டை மாற்றிக் கொடுத்தாள்.

ஆனால் அவருடைய தொண்டு என்று நான் கண்ணால் கண்டது வேறு. 'வாக்கில்லாத மக்கள் நம்பிக்கையற்ற மக்கள்' என்ற பொருளில் 1930களிலிருந்து அவர்களிடம் ஒரு முழக்கம் உண்டு. அவர் அதைச் செருப்புப் பெட்டி ஒன்றில் வைத்திருந்தார்: சுற்றுவட்டாரத்து முதியவர்களின் பெயர், வாக்குச்சாவடி, காரில் ஏற்றக் கைத்தாங்கல் வேண்டுமா என்ற விவரம், எல்லாம் பென்சிலில் எழுதிய அட்டைகள். நான் குடியுரிமை பெற்ற வாரமே வாக்காளர் பதிவுப் படிவத்தோடு வந்து நின்றார். வாக்குச்சாவடிக் கட்டடத்திலிருந்து 150 அடிக்குள் வாக்காளருக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது என்று ஜார்ஜியா 2021இல் சட்டம் போட்டபோது எனக்குக் கோபம் வந்தது. அவர் ஓர் அளவு நாடாவை வாங்கி, அடுத்த ஆண்டுத் தேர்தலன்று விடியற்காலை என்னை ஒரு முனையைப் பிடிக்கச் சொல்லி, 160 அடி தள்ளி மேசை போட்டு, காரிலிருந்து இறங்கி வருபவர்களுக்கு வரிசையில் சேரும் முன்பே தண்ணீர் கொடுத்தார். கூடுதல் பத்தடி எதற்கு என்றேன். அவர்களுடைய நாடா இழுபட்டு நீண்டிருக்கலாம் என்றார்.

எனக்குக் குறையே தெரியவில்லை என்று எழுதினால் அது பொய். ஆண்கள் மட்டுமே சேரக்கூடிய, படித்தவர்கள் மட்டுமே நுழையக்கூடிய அமைப்பு, சமூகம் முழுவதற்கும் பேசுவது சரியா என்று அவரிடமே வாதிட்டிருக்கிறேன்; அவர் தந்த பதில் எனக்கு இன்றும் நிறைவு தரவில்லை. புதிய பையன்களை அடித்து வதைக்கும் வழக்கத்தை 1990இல் கறுப்பினச் சங்கங்கள் ஒன்றாகக் கூடித் தடை செய்த பிறகும், அது இருட்டில் தொடர்ந்தது. தன் பொறுப்பிலிருந்த மாணவர் கிளை ஒன்று அப்படிப் பிடிபட்டபோது, அதை மூடச் சொல்லித் தானே கடிதம் எழுதினார். நண்பர்கள் சிலர் இரண்டு ஆண்டுகள் அவரிடம் பேசவில்லை. அந்த இரண்டு ஆண்டுகளும் அவர் ஒரு கூட்டத்தைக்கூடத் தவறவிட்டதில்லை. யாரும் பக்கத்தில் உட்காராத நாற்காலியில் அமர்ந்து குறிப்பு எழுதிவிட்டு வந்தார் என்று அவர் மனைவி இப்போதுதான் சொன்னார்.

உனக்கு அல்ஜீப்ரா வராமல் அழுத வருடம் நினைவிருக்கிறதா? செவ்வாய்தோறும் மாலையில் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் சொல்லிக் கொடுத்தாரே, அதுவும் சங்க வேலைதான். பிள்ளைகளைப் பள்ளியிலும் கல்லூரியிலும் சேர்க்க அவர்கள் 1920களிலிருந்து நடத்தும் இயக்கத்தின் பகுதி அது. கறுப்பினப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய வகுப்பில் நீ ஒருவன்தான் தமிழ்ப் பையன். அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

செருப்புப் பெட்டியை அவர் மனைவி கிளையின் இளைஞன் ஒருவனிடம் ஒப்படைத்துவிட்டார். நம் தெருவின் நான்கு அட்டைகளை மட்டும் நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். அதில் ஒன்று அந்த அம்மாவுடையது. முழங்கால் வலியால் இப்போது அவருக்கும் கைத்தாங்கல் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்திலிருந்து வந்து இரண்டு மணிக்கு மேல் ஓய்வாக இருப்பார், அப்போது அவருக்கு ஒரு போன் செய்.

அன்புடன்,
அப்பா