கொட்டகைக்குக் கூரை வந்துவிட்டது: கைகொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புள்ள எல்லோருக்கும்,

வணக்கம். சித்திரையில் அடித்த சூறைக்காற்று எங்கள் விலங்குக் காப்பகத்தின் கோழிக்கொட்டகைத் தகரத்தைப் பிய்த்துக்கொண்டு போனது உங்களில் பலருக்குத் தெரியும். இப்போது புதுக் கூரை போட்டு, கம்பிவலை அடித்து, கோழிகளும் குடிவந்துவிட்டன. பணம் அனுப்பியவர்கள், ஆள் அனுப்பியவர்கள், "என்னாச்சு?" என்று போன் பண்ணியவர்கள் எல்லோருக்கும் நன்றி. பெயர் போட வேண்டாம் என்று பெரும்பாலானோர் கேட்டுக்கொண்டதால் ஆளைச் சொல்லாமல் காரியத்தைச் சொல்கிறேன்.

முதலில் பக்கத்து முருங்கைத் தோட்டத்து அண்ணன். எங்கள் தகரம் விழுந்து முறிந்தது அவருடைய மரங்கள்தான். நஷ்டஈடு பேசப் போனோம். அவர் அதற்குள் தகரத்தையெல்லாம் பொறுக்கி டிராக்டரில் ஏற்றியிருந்தார். காலையும் மாலையும் சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிற மனிதர். நாங்கள் பாலே வேண்டாம் என்பவர்கள்; அந்த விஷயத்தில் எங்களுக்கும் அவருக்கும் ஒத்தே போகாது. ஆனால் நாங்கள் சொல்வதில் எது உண்மை என்று எங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். மாடு கன்று போட்டால்தான் பால். போடுவதில் பாதி காளைக்கன்று. ஏர் போய் டிராக்டர் வந்தாயிற்று. ஜெர்சிக் கலப்புக்கு எடுப்பான திமிலும் கிடையாது, நுகம் பூட்டத் தோதுப்படாது. அப்புறம் அந்தக் கன்றுக்குப் பொள்ளாச்சிச் சந்தையில் கறி விலையைத் தவிர வேறென்ன விலை? போன வருடம் தன் கட்டுத்தறியில் பிறந்த ஒன்றை அவரே நடத்திக் கூட்டிவந்து எங்கள் வேலியில் கட்டினார். "உங்க கொள்கைக்காக இல்ல, இது மூஞ்சிக்காக" என்றார். அந்தக் கன்று, எங்கள் பாண்டி, இப்போது அவர் குரல் கேட்டால் வேலியோரம் ஓடுகிறான்.

ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் தோழர்கள் இல்லையென்றால் எங்கள் தீவனச் செலவு எங்கேயோ போயிருக்கும். முட்டைக்கோஸ் மேல் இலை, அடிபட்ட கேரட், பீட்ரூட் எல்லாம் தனியாக ஒதுக்கி வைக்கிறார்கள். வெங்காயம் அதிகமானால் மாட்டின் ரத்தத்தைக் கெடுக்கும், சணலும் ரப்பர் பேண்டும் வயிற்றுக்குள்ளேயே தங்கிவிடும் என்று ஒரு தடவைதான் சொன்னோம். அதிலிருந்து வரும் சாக்குகளில் ஒரு கயிற்றுத்துண்டு பார்த்ததில்லை.

கால்நடை மருத்துவருக்குச் சொல்ல வேண்டிய நன்றி கொஞ்சம் நீளம். பிராய்லர் கோழி பண்ணையில் இருப்பது ஆறு வாரம். அதற்குள் இரண்டு கிலோவைத் தாண்டும்படி உருவாக்கிய உடம்பு. ஏழாவது வாரத்தைப் பற்றி யாரும் கவலைப்பட்டதில்லை. கால் தாங்காது, இதயம் தாங்காது. பசிக்கிறதே என்று நிறையப் போட்டால் நாமே கொன்ற மாதிரி. அவர்தான் தராசு வைத்து வேளைக்கு எத்தனை கிராம் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தார். எங்கள் கோழி குண்டம்மாவுக்கு உள்ளங்காலில் கறுப்பாகப் பொருக்குத் தட்டி வீங்கியிருந்தது. வெந்நீரில் காலை ஊறவைத்து, பொருக்கை மெல்ல எடுத்து, மருந்து வைத்து, விரல்களுக்கு இடையில் துணியை எட்டுப் போல் சுற்றிக் கட்ட அவர் சொல்லிக்கொடுத்த விதத்தைப் படம் வரைந்து சுவரில் ஒட்டியிருக்கிறோம். கோழிக்கா இவ்வளவு என்று அவர் ஒருநாளும் சிரித்ததில்லை. அவசரத்துக்கு 1962 என்ற கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணுக்கு அழைத்தால் என்ன சொல்ல வேண்டும் என்பதும் அவர் கற்றுக்கொடுத்ததுதான்.

நாமக்கல் பக்கத்திலிருந்து வந்த முட்டைக்கோழிகளுக்கு வேறு கதை. ஏ4 தாள் அளவுகூட இல்லாத இடத்தில் கம்பி மேலேயே நின்றவை; நகம் நீண்டு வளைந்திருந்தது, மூக்கின் நுனி குஞ்சிலேயே வெட்டப்பட்டிருந்தது. மண்ணில் இறக்கியதும் ஒரு காலைத் தூக்கியபடி நின்றன, எங்கே வைப்பது என்று தெரியாமல். முட்டையை என்ன செய்கிறீர்கள் என்று எல்லோரும் கேட்கிறார்கள். வேகவைத்து ஓட்டோடு நசுக்கி அவற்றுக்கே போடுகிறோம். வருடத்துக்கு முந்நூறு ஓடு செய்து கொடுத்த எலும்பு அல்லவா, சுண்ணாம்புச் சத்து அங்கேயே திரும்பட்டும்.

பழனி ரோட்டில் கோழி லாரி சாய்ந்த அன்று ஊரே சாக்கோடு வந்தது. மறுநாள் ஒரு பாட்டி முந்தானைக்குள் ஒரு பிராய்லரைச் சுற்றிக் கொண்டுவந்தார். "ரெண்டு எடுத்தேன் சாமி. ஒன்னு குழம்பு வச்சாச்சு, இது உனக்கு" என்றார். எங்கள் ஆட்களில் ஒருவருக்கு முகம் மாறிவிட்டது. எனக்கு அந்தப் பாட்டியின் நேர்மை பிடித்திருந்தது. நன்றி பாட்டி, இரண்டில் ஒன்றுக்கு.

கோசாலை என்று நினைத்துப் பணம் அனுப்பியவர்களிடமும் பேச வேண்டும். இங்கே பன்றியும் உண்டு, பிராய்லரும் உண்டு. பசுவுக்கு மட்டும் செலவழியுங்கள் என்ற நிபந்தனையோடு வந்த தொகையைத் திருப்பிவிட்டோம். மாட்டுக்கறி தின்பவரை அடிக்க விலங்குப் பாசத்தைக் கம்பாக எடுப்பவர்களோடு எங்களுக்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை. எந்த விலங்கும் யாருக்கும் சொத்தில்லை என்று பேச வந்தவர்கள் நாங்கள். அதை மனிதரை மிதித்துக்கொண்டு பேச முடியாது. இதை விளக்கி எழுதிய பிறகு "சரி, பன்றிக்கே போடுங்க" என்று மறுபடி அனுப்பினாரே ஒருவர், அவருக்கு இரட்டை நன்றி.

கடைசியாக, திங்கட்கிழமை தவறாமல் எங்களோடு கலெக்டர் ஆபீசுக்கு மனு கொடுக்க வரும் சட்டக்கல்லூரிப் பிள்ளைகள். 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடைச் சட்டத்தில் முதல் குற்றத்துக்கு அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரை. இன்றைக்கு அது ஒரு பரோட்டா செட் காசு. கூண்டுக்கோழிகள் பற்றிச் சட்ட ஆணையம் 2017-இல் கொடுத்த 269-ஆவது அறிக்கையை எங்களுக்கு வரிவரியாகத் தமிழில் சொன்னவர்களும் இவர்கள்தான். கூண்டைப் பெரிதாக்கக் கேட்பதா, கூண்டே கூடாது என்பதா என்று எங்களுக்குள் சண்டை வரும். என் கட்சி, இரண்டையும் கேட்போம் என்பது. இன்று கூண்டுக்குள் நிற்கிற கோழி நம் விவாதம் முடியும்வரை காத்திருக்க முடியாது.

வரவு செலவுக் கணக்கை வாசலில் ஒட்டியிருக்கிறோம். யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். ஐப்பசி மழைக்கு முன்னால் கொட்டகைத் தரைக்கு மண் அடித்து மேடாக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்கள் மண்வெட்டியும் பழைய சாக்கும் கொண்டுவந்தால் உதவி. மதியச் சாப்பாடு எங்கள் பொறுப்பு. மோர் மட்டும் கேட்காதீர்கள்.

நன்றியுடன்,
காப்பகத்துக்காரர்கள்
ஒட்டன்சத்திரம் பக்கம்