எஸ்டிமேட்டில் சேர்ந்திருக்கும் புதிய வரி: மழைநீர் போகும் வழி குறித்து எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

மதிப்புக்குரிய வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். இந்த ஆடி முதல் நாங்கள் தரும் எஸ்டிமேட் எல்லாவற்றிலும் ‘மட்டம் எடுத்தலும் மழைநீர் வடிகால் வரைபடமும்’ என்று ஒரு வரி சேர்ந்திருக்கிறது. பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை, நகரி என்று எல்லா ஊரிலிருந்தும் அதைப் பற்றிக் கேட்டுவிட்டீர்கள். வீடு கட்டவும் தறிக்கொட்டகை போடவும் வருகிறவர்களிடம் தண்ணீருக்கென்று தனியாக ஏன் பணம் கேட்கிறோம் என்ற கேள்வி நியாயமானது. அதற்குரிய பதிலைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம்.

வெள்ளம் என்றதும் நம் பகுதியில் எல்லாருக்கும் நினைவுக்கு வருவது ஆறுதான். ஆந்திரப் பக்கம் கிருஷ்ணாபுரம் அணை திறந்தால் லவா, குசா ஆறுகள் பெருகிக் கொசஸ்தலையில் சேரும், தரைப்பாலங்கள் மூழ்கும், சுற்றிக்கொண்டு போக வேண்டியிருக்கும். அது அணையையும் ஆற்றையும் அரசையும் சேர்ந்த விஷயம். எங்களைப் போன்ற சிறு நிறுவனம் அதில் செய்யக்கூடியது மிகக் குறைவு. ஆனால் மழைக்குப் பிறகு எங்களை அழைத்துக் காட்டும் வீடுகளில் பெரும்பாலும் ஆற்று நீர் வந்திருப்பதில்லை. பக்கத்துக் கூரையின் நீர், மேடாகிப்போன தெருவின் நீர், தன் வீட்டு மாடியிலிருந்தே இறங்கிய நீர், இவைதான் குழித்தறிக்குள்ளும் விசைத்தறி மோட்டாரின் அடியிலும் நிற்கின்றன. இந்த நீருக்குக் கட்டுவதற்கு முன்பே வழி செய்துவிட முடியும்.

முதலில் அளவைப் பார்ப்போம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர். ஒரு கிரவுண்ட், அதாவது 2400 சதுர அடி, ஏறக்குறைய 223 சதுர மீட்டர். மணிக்கு 60 மில்லிமீட்டர் வேகத்தில் மழை அடிக்கும்போது அந்த மனை முழுவதும் கூரையும் சிமெண்ட் தரையுமாக இருந்தால், ஊறுவதும் தேங்குவதும் போக ஒரு மணி நேரத்தில் சுமார் 12,000 லிட்டர் வெளியே ஓடிவரும். அது ஒரு பெரிய டேங்கர் லாரி நிறையும் தண்ணீர். அதே மனை செடியும் மண்ணுமாக இருந்தால் ஏறக்குறைய 4,000 லிட்டர்தான் ஓடும், மீதி மண்ணில் இறங்கும். வாசலில் துளி மண் தெரியாமல் சிமெண்ட் போட்டுக் கொடுங்கள் என்று கேட்கும்போது, தெருவுக்கு அனுப்பும் நீரை மூன்று மடங்காக்கச் சொல்கிறீர்கள். எங்கள் வரைபடத்தில் கொஞ்சமாவது மண்ணை விட்டுவைக்கப் பார்ப்பது இதனால்தான்.

‘நேற்று 3 சென்டிமீட்டர்தானே மழை, அதற்கே ஏன் தேங்கியது?’ என்றும் சிலர் கேட்கிறார்கள். வானிலை அறிக்கையில் வருவது காலை எட்டரை மணியோடு முடியும் 24 மணி நேரத்தின் கூட்டுத்தொகை. அந்த மூன்றில் ஒன்றரை சென்டிமீட்டர் கால் மணி நேரத்தில் கொட்டியிருந்தால் அதன் வேகம் மணிக்கு 60 மில்லிமீட்டர். சிறிய மனையில் நீர் சில நிமிடங்களிலேயே வாசலுக்கு வந்து சேர்ந்துவிடும். அதனால் நாங்கள் கணக்கிடுவது அந்தக் கால் மணி நேரத்தைத்தான்.

இனி பைப். நான்கு அங்குல பைப் போதுமா, ஆறு அங்குலம் வேண்டுமா என்றே எல்லாரும் கேட்கிறார்கள். சரிவைப் பற்றிக் கேட்பவர்கள் அரிது. நூறு அடி நீளத்துக்கு ஓர் அடி இறக்கம் கொடுத்தால், நான்கு அங்குல பி.வி.சி. பைப் முழுதாக ஓடும்போது நொடிக்கு ஆறு லிட்டருக்கு மேல் கடத்தும். மேலே சொன்ன கிரவுண்டுக்கு அது தாராளம். அதே பைப்பை நூறு அடிக்கு மூன்று அங்குலம் மட்டும் இறக்கிப் பதித்தால் அது கடத்தும் நீரின் அளவு பாதியாகிவிடும். நீரின் வேகமும் பாதியாகும். நொடிக்கு 0.6 மீட்டருக்குக் கீழே வேகம் போனால் மணலும் சேறும் அடியில் தங்க ஆரம்பிக்கும், இரண்டு மழைக்காலத்தில் பைப் அடைத்துக்கொள்ளும். விட்டத்தை இரட்டிப்பாக்கினால் அதே சரிவில் ஆறு மடங்கு நீர் போகும் என்பது உண்மை. அதற்காகச் சரிவே இல்லாத இடத்தில் பெரிய பைப்பைப் புதைத்தால், சிறு மழையில் அதன் அடியில் மெல்லிய ஓட்டமாகப் போகும் நீரால் சேற்றை இழுத்துச் செல்ல முடியாது. இடம் இருக்கும் வரையில், தூக்கி எடுக்கக்கூடிய ஸ்லாப் மூடிய திறந்த கால்வாயையே நாங்கள் விரும்புகிறோம். அடைத்தால் கண்ணுக்குத் தெரியும், மண்வெட்டியால் வாரிவிடலாம்.

சரிவு கொடுக்க உயரம் வேண்டும். அந்த உயரம் பேஸ்மட்டத்தில், அதாவது வீட்டுத் தரையின் உயரத்தில்தான் கிடைக்கும். எனவே கடைக்கால் தோண்டுவதற்கு முன்பே, மேடுபள்ளத்தை அளக்கும் ஆட்டோ லெவல் கருவியை வைத்து, உங்கள் மனையின் நான்கு மூலை, தெருவின் நடு, பக்கத்து வீட்டு வாசல், தெருக்கால்வாய், அது போய்ச் சேரும் ஓடை அல்லது ஏரி வரத்துக்கால்வாய் வரை மட்டம் எடுக்கிறோம். கட்டணத்தில் பெரும்பங்கு இந்த வேலைக்குத்தான். தெருக்கால்வாயின் அடிமட்டத்தை மட்டும் பார்த்துவிட்டு வந்தால் போதாது. கனமழையில் அந்தக் கால்வாய் விளிம்பு வரை நிறைந்து ஓடும். உங்கள் பைப்பின் வாய் அந்த நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தால், மிகவும் தேவைப்படும் நேரத்தில் அது வெளியே அனுப்பாது. தெரு நீரை உங்கள் முற்றத்துக்குள் கொண்டுவரும்.

பேஸ்மட்டத்தை இஷ்டத்துக்கு உயர்த்திவிட்டால் தீர்ந்தது என்று நினைப்பவர்களிடம் இதைச் சொல்ல வேண்டும். தெருவில் ஒருவர் மூன்று அடி ஏற்றுகிறார், அடுத்தவர் நான்கு அடி, பழைய ஓட்டு வீட்டில் தறி நெய்கிறவர் பள்ளத்தில் மாட்டிக்கொள்கிறார். உயர்த்துபவருக்கும் அதில் ஆபத்து உண்டு. காம்பவுண்டு சுவரை ஒட்டி நான்கு அடி உயரத்துக்குக் கிராவல் மண் கொட்டி, அதில் மழைநீர் ஊறி நின்றால், நீரின் அழுத்தம் மட்டுமே சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் 700 கிலோவுக்கு மேல் தள்ளும். மண்ணின் தள்ளல் அதற்கு மேல். சாதாரண ஒன்பது அங்குலச் சுவர் அதற்காகக் கட்டப்பட்டதன்று. சுவரில் துளை விட வேண்டும், துளைக்குப் பின்னால் ஜல்லி நிரப்ப வேண்டும், துளை வழியே வரும் நீர் பக்கத்து மனையில் விழாமல் உங்கள் கால்வாயில் விழ வேண்டும்.

மழைநீரை மண்ணுக்குள் இறக்கும் உறிஞ்சுகுழி பற்றிச் சுருக்கமாக. தமிழ்நாட்டில் மழைநீர்ச் சேகரிப்பு 2003இல் கட்டாயமானது. நாங்களும் அதை முழு மனத்தோடு ஆதரிக்கிறோம். செம்மண் நிலத்தில் நன்றாக இறங்கும். ஏரி ஆயக்கட்டை ஒட்டிய களிமண் மனைகளில் குழி நிறைந்து நின்றுவிடும். எனவே ஒரு சோதனைக் குழி வெட்டி, மண்ணை நன்றாக நனைத்துவிட்டு, நீர் இறங்கும் வேகத்தைப் பார்த்த பிறகே அளவைத் தீர்மானிக்கிறோம். கழிவறை நீரையும் சாயத்தொட்டி நீரையும் இந்தக் குழியிலோ மழைநீர்க் கால்வாயிலோ சேர்க்கும்படி யார் கேட்டாலும் செய்ய மாட்டோம். நாளைக்கு அதே நீரைத்தான் தெருவார் கிணற்றில் இறைப்பார்கள்.

மற்றவர் நிலம் என்று வரும்போது எங்கள் பிடிவாதம் சிலருக்கு வருத்தம் தந்திருக்கிறது. இதில் விட்டுக்கொடுக்க எங்களால் முடியாது. 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம், மேட்டு நிலத்தில் பெய்து, வரையறுத்த வாய்க்கால் எதிலும் சேராமல் இயல்பாக ஓடிவரும் நீரைப் பள்ளத்து நிலக்காரர் விட வேண்டும் என்கிறது. இயல்பாக ஓடிவரும் நீருக்குத்தான் அது பொருந்தும். கூரை நீர் முழுவதையும் ஒரே பைப்பில் திரட்டி அடுத்தவர் சுவரோரம் கொட்டுவதற்கு அதைத் துணைக்கு அழைக்கக் கூடாது. அதேபோல், நில அளவைத் துறையின் புலவரைபடத்தில் ஓடை என்றோ, ஆந்திரப் பக்கப் பதிவேட்டில் ஓடையைக் குறிக்கும் வாகு, வங்கா என்ற தெலுங்குச் சொற்களிலோ இருக்கும் நிலம் பல ஆண்டுகளாக வறண்டு கிடந்தாலும் அதன் மேல் கட்டும் வரைபடத்தில் நாங்கள் கையெழுத்திட மாட்டோம். 1960 ஏப்ரலில் மாநில எல்லை நம் ஊர்களுக்கு நடுவே மாறியது. ஆந்திரத்து மலைச்சரிவில் பெய்யும் மழை இன்னும் பழைய பாதையில்தான் இங்கே இறங்கி வருகிறது. பதிவு பெற்ற பொறியாளர் இடும் கையெழுத்தை நம்பி வீடு வாங்குகிறவர் உங்களுக்குப் பின்னாலும் வருவார். அவருக்கும் நாங்கள் பொறுப்பு.

பைப் கடையிலிருந்தோ கிராவல் லாரிக்காரரிடமிருந்தோ நாங்கள் கமிஷன் வாங்குவதில்லை. எத்தனை லோடு மண் என்று சொல்கிறவரே அந்த மண்ணில் பங்கு வாங்கினால் அவர் சொல்லும் அளவை யாரும் நம்ப முடியாது. நாங்கள் எடுத்த மட்டக் குறிப்புகளும் வடிகால் வரைபடமும் உங்கள் உடைமை. வேறு பொறியாளரிடம் காட்டிக் கருத்துக் கேட்க விரும்பினால் தயங்காமல் எடுத்துச் செல்லுங்கள். வேலை முடிந்ததும், பதித்தபடியே பைப்பின் இடமும் ஆழமும் குறித்த படம் ஒன்றும் தருவோம்.

ஏற்கெனவே நாங்கள் கட்டிக்கொடுத்த வீடுகளுக்கு ஐப்பசிக்கு முன் ஒருமுறை வந்து கால்வாயையும் மாடி நீர்க்குழாய்களையும் பார்த்துத் தருகிறோம், அதற்குக் கட்டணம் இல்லை. புதிதாக வருகிறவர்கள் பத்திரத்தோடு புலவரைபட நகலையும் கொண்டுவாருங்கள். மழை வலுக்கும்போது பாதுகாப்பான இடத்தில் நின்று, தெருவில் நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கைபேசியில் படம் எடுத்து வையுங்கள். நீர் நின்ற உயரத்தைச் சுவரில் கரியால் கோடு போட்டு, பக்கத்தில் தேதியையும் எழுதிவையுங்கள். அந்தக் கோட்டிலிருந்துதான் உங்கள் வீட்டுக்கான எங்கள் கணக்கு தொடங்கும்.

அன்புடன்,
உங்கள் கட்டுமானப் பொறியாளர்கள்,
பள்ளிப்பட்டு