மேமோகிராம் அன்னைக்கு பவுடர் போடாதீங்க

அன்புள்ள ஆசிரியருக்கு,

அக்டோபர் இதழ்ல மார்பகப் புற்றுநோய் பத்தி நாலு பக்கம் போட்டிருந்தீங்க, படிச்சேன், நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா 'பயப்படாம போய் செக் பண்ணிக்கோங்க'ன்னு சொன்னீங்களே தவிர, போற அன்னைக்கு என்ன செய்யணும் செய்யக் கூடாதுன்னு ஒரு வரி கூட இல்லையே சார். அது தெரியாம போய் நான் பட்ட பாட்டைத்தான் எழுதுறேன்.

எனக்கு 46 வயசு. போன மாசம்தான் முதல் தடவையா மேமோகிராம், அதாவது மார்பை எக்ஸ்ரே எடுத்துப் பாக்குற டெஸ்ட், எடுத்தேன். ஸ்கேன் சென்டர்ல போன் எடுத்த பொண்ணு 'ஒன்பது மணிக்கு வந்துடுங்க'ன்னதோட சரி. நானா சுகர் டெஸ்ட் மாதிரி நினைச்சுக்கிட்டு காபி கூட குடிக்காம வெறும் வயித்தோட, ஆனா நல்லா குளிச்சு, வேர்வை நாத்தம் வந்துடக் கூடாதேன்னு அக்குள்ல ரோல்-ஆன், கழுத்துலேர்ந்து கீழ வரைக்கும் பவுடர்னு ஜம்முன்னு போய் நின்னேன். உள்ள போனதும் டெக்னீஷியன் பொண்ணு கேட்ட முதல் கேள்வியே "பவுடர் போட்டிருக்கீங்களாம்மா?" ஈரப் பஞ்சைக் குடுத்து துடைச்சுட்டு வரச் சொல்லிட்டாங்க. அந்த ஏசி குளிர்ல நின்னு துடைச்சது இருக்கே!

ஏன்னு அந்தப் பொண்ணே சொல்லுச்சு. சில பேருக்கு கேன்சர் ஆரம்பத்துல கட்டியா தெரியாது, உப்புத்தூள் தூவின மாதிரி பொடிப்பொடி கால்சியம் புள்ளியா படத்துல தெரியுமாம் (எல்லாப் புள்ளியும் கேன்சர் இல்ல, பயந்துடாதீங்க). டியோடரன்ட்ல இருக்குற அலுமினியமும் பவுடரும் தோல்ல ஒட்டியிருந்தா அதுவும் அதே மாதிரி வெள்ளையா விழும், டாக்டர் குழம்பிடுவாங்க. சாப்பிட்டுட்டே வந்திருக்கலாமாம், அது வேற.

அடுத்தது தாலி. கழுத்துல எதுவும் இருக்கக் கூடாது, படத்துல விழும். எனக்கு கையே வரல. அந்தப் பொண்ணு தினம் பாக்குறது போல, "கழட்ட மனசில்லைன்னா முதுகுப் பக்கம் தள்ளிக்கோங்கம்மா"ன்னுச்சு. இதை முன்னாடியே சொல்லியிருந்தா வீட்ல மாமியார்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு கழட்டி வச்சுட்டே போயிருப்பேன். டிரஸ்ஸும் அப்படித்தான், சுடிதார் டாப்போ முன்னாடி கொக்கி வச்ச ஜாக்கெட்டோ போட்டா மேல மட்டும் கழட்டினா போதும். நைட்டி மாதிரி ஒரே துணியா போட்டுட்டு வந்த ஒரு அம்மா பாவம் தவிச்சுட்டாங்க.

வலி? இருக்கு சார், பொய் சொல்ல மாட்டேன். சப்பாத்தி பிரஸ்ல மாவு உருண்டைய வச்சு அமுக்குற மாதிரி ரெண்டு தட்டுக்கு நடுவுல அமுக்குறாங்க, மேலேர்ந்து ஒன்னு, சாய்ச்சு ஒன்னு, ரெண்டு பக்கமும் சேத்து நாலு படம். ஒவ்வொன்னும் சில செகண்ட்தான், மூச்சை நிறுத்தச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள விட்டுடுது. அமுக்கினாத்தான் சதை பரவி உள்ள ஒளிஞ்சிருக்குறது தெரியும், கதிர்வீச்சும் கம்மியா போதும். எனக்கு கூடுதலா வலிச்சதுக்கு காரணம் பீரியட்ஸ் வர்றதுக்கு ரெண்டு நாள் முன்னாடி போனது. அப்போ மார்பு கனமா தொட்டாலே வலிக்கும்ல, பீரியட்ஸ் முடிஞ்ச வாரம் போறதுதான் நல்லது. ஆனா கட்டி தட்டுப்படுது, காம்புல ரத்தம் கசியுதுன்னா தேதி பாத்துக்கிட்டு உக்காரக் கூடாது, உடனே போகணும். கர்ப்பமா இருக்கலாம்னு சந்தேகம் இருந்தாலும், பால் குடுக்குறவங்களா இருந்தாலும் முதல்லயே சொல்லிடணும்.

ரிப்போர்ட்ல 'பைராட்ஸ் 0'ன்னு போட்டிருந்துச்சு (பைராட்ஸ்னா படத்தைப் பாத்துட்டு டாக்டர் போடுற ஒரு வகை எண்). ராத்திரி பூரா தூங்கல, கூகுள்ல தேடி இன்னும் பயந்ததுதான் மிச்சம். காலைல டாக்டர்கிட்ட போனா, 0ன்னா நோய்னு அர்த்தம் இல்ல, இந்தப் படம் மட்டும் போதாது, இன்னொரு தடவை பாக்கணும்னு அர்த்தமாம். அல்ட்ராசவுண்ட் எடுத்தா வெறும் நீர்க்கட்டி. அந்த மேமோகிராம் ஃபிலிமை பத்திரமா வச்சிருக்கேன், அடுத்த தடவை ஒப்பிட்டுப் பாக்க வேணுமாம்.

வர்ற வெள்ளிக்கிழமை எங்க அண்ணியைக் கூட்டிட்டுப் போறேன், சொல்ல நான் இருக்கேன். மத்தவங்களுக்காக அடுத்த இதழ்ல ஒரு ஓரமா பெட்டி கட்டியாவது இதைப் போடுங்க சார், டாக்டர் பேட்டி அரைப் பக்கம் குறைஞ்சாலும் பரவாயில்ல.

இப்படிக்கு,
ஒரு வாசகி, திருச்சி