மாமாவுக்கு, தேன்பெட்டி விஷயமாக

மினசோட்டா, அமெரிக்கா,
செப்டம்பர்

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். இங்கே இப்போதே ஸ்வெட்டர் இல்லாமல் வெளியே போக முடியவில்லை. அத்தையின் முழங்கால் வலி தேவலையா? கிருஷ்ணகிரியில் உங்கள் கல்லூரி வளாகத்தில் தேன்பெட்டி வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக வையுங்கள். இங்கே செய்வதைப் பார்த்து அப்படியே செய்ய மட்டும் வேண்டாம்.

இங்குள்ள பெட்டித் தேனீ 1622-இல் ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்தது. இந்த மண்ணின் தேனீக்களில் பெரும்பாலானவை தனித்தனியாகத் தரையில் வளை தோண்டி வாழ்பவை. அதனால் விவரம் தெரிந்த கல்லூரிகள் புல்வெளியில் ஒரு பகுதியை வெட்டாமல் விட்டு, நாட்டுப் பூச்செடிகளை நட்டு, பூச்சிமருந்தைக் குறைக்கின்றன. பெட்டியை மட்டும் வைத்துப் பலகை மாட்டுவது விளம்பரத்துக்குத்தான் உதவும்.

உங்களுக்கு அந்தச் சங்கடம் இல்லை. அடுக்குத் தேனீ நம் ஊருடையது. அதையே வாங்குங்கள், இத்தாலியத் தேனீ வேண்டாம்; அது இங்குள்ள ஐரோப்பியத் தேனீயின் வகைதான். இங்கே கூட்டங்களை அழிப்பது வரோவா என்ற உண்ணி. ஆகஸ்டில் அரைக் கோப்பை, அதாவது சுமார் 300 தேனீக்களை ஆல்கஹாலில் குலுக்கி, உதிரும் உண்ணியை எண்ணுகிறார்கள். ஒன்பதைத் தொட்டால் மருந்து. விட்டுவிட்டால் குளிரைத் தாங்கவேண்டிய தேனீக்கள் சிறகு சுருங்கிப் பிறக்கும். ஜனவரியில் பெட்டி நிறையத் தேன் இருக்கும், தேனீ இருக்காது. அடுக்குத் தேனீயோ உண்ணியைக் கடித்து உதறிவிடும்.

ஆனால் கோபக்காரி. பிடிக்கவில்லை என்றால் கூட்டத்தோடு கிளம்பிவிடுவாள். பெரும்பாலும் எறும்பு, மெழுகு அந்து (கூட்டின் மெழுகைத் தின்னும் பூச்சி), பட்டினி இந்த மூன்றில் ஒன்றுதான் காரணமாக இருக்கும். பெட்டித் தாங்கியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்துங்கள். கிண்ணம் வற்றினாலும், பக்கத்துப் புல் பெட்டியில் உரசினாலும் எறும்பு ஏறிவிடும். தேனீ மொய்க்காத காலி அடையில், அதாவது தேனீ கட்டும் மெழுகுத் தட்டில்தான் அந்து பெருகும். கறுத்த பழைய அடையை எடுத்து உருக்கிவிடுங்கள். பூ இல்லாத நாட்களில் சர்க்கரையும் தண்ணீரும் சம அளவில் கரைத்து, மாலையில், பெட்டிக்குள்ளேயே வையுங்கள். வெளியே சிந்தினால் அடுத்த பெட்டித் தேனீக்கள் கொள்ளையடிக்க வரும்.

தேனீயின் புழு, நீர் கோத்த பை மாதிரி அறைக்குள் செத்துக் கிடந்தால் அது பைப்புழு வைரஸ் நோய். 1990-களின் தொடக்கத்தில் தென்னிந்தியாவில் கூட்டம் கூட்டமாக அழித்தது இதுதான். மருந்து கிடையாது. அந்த அடைகளை எரித்துவிட்டு ராணியை மாற்ற வேண்டும்.

பெட்டியின் வாசலைக் கிழக்கே பார்க்க வையுங்கள், நடைபாதைப் பக்கம் வேண்டாம். எதிரே 6 அடி வேலி இருந்தால் தேனீ தலைக்கு மேலே எழும்பிப் பறக்கும், பிள்ளைகளுக்குக் கொட்டு விழாது.

சுற்றிலும் மாந்தோப்பு என்பதால் விளைச்சல் கூடும் என்று யாருக்கும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். மாம்பூவில் ஈக்களின் வேலைதான் அதிகம். ஆனால் மாமரத்துத் தத்துப்பூச்சிக்கு மருந்தடிக்கும் நாளை முன்கூட்டியே சொல்லும்படி தோப்புக்காரர்களிடம் சொல்லுங்கள்; இருட்டிய பிறகு அடித்தால் சேதம் குறையும். புங்கமும் புளியும் வளாகத்தில் இருந்தால் நல்லது.

முதலில் இரண்டு பெட்டி வாங்குங்கள், ஒன்று போதாது. ஒன்றில் ராணி செத்தால் மற்றதிலிருந்து புது முட்டை உள்ள அடைச் சட்டம் ஒன்றை எடுத்து வைக்கலாம். தேனீக்களே ராணியை வளர்த்துக்கொள்ளும்.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்