அரிசி உண்ணும் யூதர்களையும் கணக்கில் சேருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில், புளித்த உணவை விலக்கும் யூதர்களின் பஸ்கா பண்டிகை பற்றி வந்த கட்டுரை, யூதர்கள் அந்த நாள்களில் அரிசியைத் தொடமாட்டார்கள் என்கிறது. பண்டிகை மேசையில் மீன் உருண்டை, ஆப்பிளும் வால்நட்டும் சேர்த்த இனிப்பு, தாத்தா பாட்டி பேசும் யித்திஷ் மொழி என்று விவரிக்கிறது. இவை எல்லாம் மத்திய, கிழக்கு ஐரோப்பாவில் வாழ்ந்த அஷ்கெனாசி யூதர்களுடையவை. கட்டுரையில் அந்தப் பெயர் ஓரிடத்தில்கூட இல்லை. ஒரு பிரிவின் வழக்கம் மொத்த சமூகத்தின் பெயரில் அச்சாகிவிட்டது.

முதலில் அரிசி. யூத வேதமான தோரா விலக்குவது கோதுமை, பார்லி, ரை, ஓட்ஸ், ஸ்பெல்ட் ஆகிய ஐந்து தானியங்கள் புளிப்பதைத்தான். மாவில் தண்ணீர் பட்டதிலிருந்து 18 நிமிடத்துக்குள் பண்டிகைக்கான புளிக்காத அப்பம் அடுப்புக்குப் போய்விட வேண்டும். தாண்டினால் புளித்ததாகவே கணக்கு. அரிசி இந்த ஐந்தில் சேராது. 13-ஆம் நூற்றாண்டு வாக்கில் பிரான்ஸ் பகுதி ரப்பிகள் (யூத மதகுருமார்) அரிசி, பயறு, கடுகு போன்றவற்றையும் தவிர்க்கச் சொன்னார்கள். ஒரே களத்தில், ஒரே மூட்டையில் கோதுமை கலந்துவிடும், மாவாக அரைத்தபின் எது எதுவென்று தெரியாது என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். பாக்தாத், கொச்சி வீடுகள் இதே சிக்கலை வேறு வழியில் தீர்த்தன. பண்டிகைக்கு முன்பே அரிசியை வெளிச்சத்தில் பரப்பி மணிமணியாகப் பொறுக்குவார்கள். மூன்று முறை பார்ப்பது பல குடும்பங்களில் வழக்கம். மொராக்கோக்காரர்களில் பலர் அரிசியை விலக்கிவிட்டுப் பருப்பு வகைகள் சிலவற்றை உண்பார்கள். ஆக, ஐரோப்பியர் அல்லாதவர்களையும் ஒரே கூடையில் போட முடியாது.

கட்டுரையாளர் செய்முறை தந்த ஆப்பிள் இனிப்பும் அப்படித்தான். ஈராக் யூதர்களும் மும்பை, கொங்கண் பகுதி பெனே இஸ்ரேல் யூதர்களும் அந்த இடத்தில் பேரீச்சம்பழப் பாகு வைப்பார்கள். கொட்டை எடுத்த பழத்தை இரவு முழுக்க ஊறவைத்து, அதே தண்ணீரில் குழைய வேகவைத்து, துணியில் கட்டிப் பிழிந்து, சாற்றை மட்டும் சிறு தீயில் வற்றவிட வேண்டும். அடிகனமான பாத்திரம் அவசியம். கடைசிக் கட்டத்தில் கிண்டாமல் விட்டால் அடிப்பிடித்துக் கசந்துவிடும். ஆறும்போது இன்னும் இறுகும் என்பதால் கொஞ்சம் தளர்வாக இருக்கும்போதே இறக்கிவிட வேண்டும். வால்நட்டைப் பரிமாறும் நேரத்தில் தூவினால் போதும், முன்பே போட்டால் நமுத்துப்போகும்.

இனி, ஒரு பிரிவு எப்படி முழுமைக்கும் முகமானது என்ற கேள்வி. இஸ்ரேலை நிறுவிய இயக்கத்தின் தலைவர்களில் பெரும்பாலோர் ரஷ்யா, போலந்து பகுதிகளிலிருந்து வந்தவர்கள். கட்சி, தொழிற்சங்கம், பள்ளி, ராணுவம் எல்லாம் அவர்கள் கையில் உருவாயின. 1948 முதல் 1951 வரை ஏறத்தாழ 7 லட்சம் பேர் குடியேறினார்கள். அவர்களில் சுமார் பாதிப்பேர் ஆசிய, ஆப்பிரிக்க நாட்டவர். அவர்கள் வந்துசேர்ந்தபோது நாற்காலிகள் நிரம்பியிருந்தன. அவர்களில் மிகப் பலருக்குக் கிடைத்தவை கூடார முகாம்களும் எல்லையோர ஊர்களும். 1959-இல் ஹைஃபாவின் வாடி சலீபில் வெடித்த கலவரமும், 1971-இல் ஜெருசலேமில் கிளம்பிய கருஞ்சிறுத்தைகள் இயக்கமும் இந்த மனக்குறையிலிருந்து வந்தவை. மிஸ்ராகி, அதாவது மத்திய கிழக்கு, வட ஆப்பிரிக்க வழிவந்த யூதர் ஒருவர்கூட இதுவரை அங்கே பிரதமர் ஆனதில்லை.

மொழியில் நடந்ததைத் தமிழ் வாசகர் உடனே உணர்வார். நவீன எபிரேயத்துக்கு, ஸ்பெயின், போர்ச்சுகல் வழிவந்த செபார்டி யூதர்களின் உச்சரிப்பை அடிப்படையாக எடுத்துக்கொண்டார்கள். ஆனால் ‘ஹெத்’, ‘அயின்’ என்ற தொண்டை ஒலிகள் ஐரோப்பிய நாக்குக்கு வரவில்லை, அவை அன்றாடப் பேச்சில் கரைந்தன. ஏமன், ஈராக் யூதர்கள் அவற்றைத் துல்லியமாக ஒலித்தார்கள். ழகரத்தைச் சரியாக ஒலிப்பவரைப் பார்த்து நாட்டுப்புறத்தான் என்று சிரித்தால் எப்படி இருக்கும்? இலக்கணப்படி சரியாகப் பேசியவர்களுக்கு அங்கே அதுதான் நடந்தது.

இதை வெறும் ஐரோப்பிய ஆதிக்கம் என்று முடித்துவிடவும் கூடாது. 1960களின் தொடக்கத்தில் இஸ்ரேலில் பெனே இஸ்ரேல் மக்களின் திருமணங்களுக்குத் தடை வந்தது. பழைய விவாகரத்துகளும் விதவை மறுமணங்களும் ரப்பி விதிப்படி நடந்தனவா என்ற சந்தேகத்தில், பல தலைமுறை முன்னோரைத் துருவிப் பார்க்கச் சொல்லி உத்தரவிட்டார்கள். மிஸ்ராகி யூதர்களுக்கும் தலைவரான அப்போதைய செபார்டி தலைமை ரப்பி யித்சாக் நிசிம் ஐரோப்பியர் அல்ல, பாக்தாத்தில் பிறந்தவர். மறியலும் உண்ணாவிரதமும் நடந்து, 1964-இல் நாடாளுமன்றம் அவர்களை எல்லா வகையிலும் முழு யூதர்கள் என்று தீர்மானம் போட்ட பிறகே அந்த உத்தரவு திருத்தப்பட்டது. எத்தியோப்பிய யூதர்களையும், யூதர்கள்தானா என்ற சந்தேகத்தில், 1980களில் சடங்கு முழுக்குக்கு வரச் சொன்னார்கள். 1985-இல் அவர்கள் தெருவில் இறங்கினார்கள். அவர்களுடைய சிக்த் பண்டிகை அரசு விழாவானது 2008-இல்தான்.

நமக்குப் பக்கத்தில் கேரளத்திலேயே இந்த மேல் கீழ் இருந்தது. சுமார் 1000-ஆம் ஆண்டில் சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மன் யூதத் தலைவர் யோசேப்பு ரப்பானுக்கு அஞ்சுவண்ணம் என்ற வணிகக்குழுத் தகுதியும் 72 உரிமைகளும் அளித்த செப்பேடு வட்டெழுத்தில் உள்ளது. 16-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின் முதலான இடங்களிலிருந்து வந்தவர்கள் 1568-இல் மட்டாஞ்சேரியில் பரதேசி (அயல்நாட்டார்) ஜெப ஆலயம் கட்டினார்கள். பிந்தி வந்த அவர்கள், பல நூற்றாண்டுகளாக அங்கே வாழ்ந்த மலபாரி யூதர்களை விடத் தங்களை உயர்வாக வைத்துக்கொண்டார்கள். அந்தப் பழைய செப்பேடும் அவர்களுடைய ஆலயத்திலேயே இருந்தது. விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழிவந்தோருக்கு அங்கே சம இருக்கை கிடையாது, தோரா வாசிக்க அழைப்பும் கிடையாது. அந்த வழியில் பிறந்து, சென்னையில் சட்டம் படித்த ஏ. பி. சாலம் (1882–1967) காந்திய முறையில் போராடி இந்தத் தடைகளை ஒவ்வொன்றாக உடைத்தார். இன்று மட்டாஞ்சேரியில் ஒரு தெருவுக்கு அவர் பெயர்.

உங்கள் கட்டுரையோடு வந்த படம் இந்தப் பரதேசி ஆலயம். கீழே ‘கொச்சி யூதர்களின் ஆலயம்’ என்று மட்டும் போட்டிருக்கிறீர்கள். கேரளத்து யூதர்களில் பெரும்பான்மையோர் மலபாரிகள். அவர்களுடைய பரவூர், சேந்தமங்கலம் ஆலயங்கள் முசிறி பாரம்பரியத் திட்டத்தில் சீரமைக்கப்பட்டு அருங்காட்சியகங்களாகத் திறந்திருக்கின்றன. அடுத்த முறை புகைப்படக்காரரை அங்கே அனுப்புங்கள். நடுக்கூடத்து வாசிப்பு மேடையோடு நின்றுவிடாமல் மாடிக்கும் ஏறச் சொல்லுங்கள். பெண்கள் பகுதிக்கு முன்னால் இரண்டாவது மேடை இருக்கும். ஓய்வுநாளிலும் பண்டிகையிலும் தோராவை அங்கிருந்து வாசித்தார்கள். அது கேரள ஆலயங்களுக்கே உரிய அமைப்பு. படத்தின் கீழே ‘மலபாரி யூதர்’ என்று சேர்த்துப் போடுங்கள்.

அன்புடன்,
வாசகர், நாகர்கோவில்